டிபியா, ஆல்ஃபா-பீட்டாவா: சின்ன மால்ட் ஆய்வகத்துக்கு எந்தச் சோதனை?

ஒரு மே மாதக் கடைசியில், எங்கள் மால்ட்டின், அதாவது முளைக்கவைத்து உலர்த்திய பார்லியின், டயஸ்டாட்டிக் பவர் (ஸ்டார்ச்சை உடைக்கும் திறன்) 290 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வாங்கிய பீர் ஆலைக்காரர்கள் தங்கள் ஆய்வகத்தில் சோதித்துவிட்டு 240 என்றார்கள். ஒப்பந்தத்தில் இருந்தது குறைந்தது 250. லாரி அவர்கள் வாசலிலேயே நின்றது. இரண்டு நாள் போனில் மல்லுக்கட்டிய பிறகுதான் தப்பு எங்கே என்று தெரிந்தது. சோதனை 20 டிகிரியில் நடக்க வேண்டும். குழாய்களை அந்தச் சூட்டில் வைத்திருக்கும் தண்ணீர்த் தொட்டியான எங்கள் வாட்டர் பாத்தின் டிஸ்ப்ளே 20 டிகிரி காட்டியது. உள்ளே தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் 23. அன்றைக்கு ஹரியானாவில் வெளியே 44 டிகிரி. பாத்தின் கம்ப்ரஸர் முக்கி முனகிக்கொண்டு கிடந்தது.

சூடு பத்து டிகிரி ஏறினால் நொதியின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அந்தக் கணக்கில் மூன்று டிகிரிக்கு ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலே கூடும். 240-உடன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிப் பாருங்கள், நான் எழுதிய எண் வந்துவிடும். மால்ட் மேல் குற்றமே இல்லை. குற்றம் என் பாத்தில்.

இப்போது சின்ன அளவில் மால்ட் போடுகிறவர்கள், பார்லி ரகம் தேர்வு செய்கிறவர்கள் எனப் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஸ்டார்ச்சை உடைக்கும் நொதிகளை அளக்க எந்த முறைக்குப் பணம் போடலாம்? பழைய டைட்ரேஷனா, நிறம் காட்டும் கிட்டா, தானியங்கி இயந்திரமா, இல்லை வெளியே அனுப்பிவிடலாமா? முதல் மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு பக்கச் சாய்வு உண்டு. அதை மறைக்கப்போவதில்லை.

முதலில் எதை அளக்கிறோம் என்று பார்ப்போம். 1833-இல் பாரிஸில் பயேன், பெர்சோ என்ற இரண்டு வேதியியலாளர்கள் மால்ட் சாற்றிலிருந்து ஸ்டார்ச்சைக் கரைக்கும் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து அதற்கு டயஸ்டேஸ் என்று பெயர் வைத்தார்கள். அது ஒரே பொருள் இல்லை, ஒரு கூட்டம் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஆல்ஃபா அமைலேஸ் ஸ்டார்ச் சங்கிலியை நடுவில் எங்கே வேண்டுமானாலும் வெட்டும். பீட்டா அமைலேஸ் நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாக, அதாவது மால்ட்டோஸாக, உருவிக்கொண்டு வரும். கிளை பிரியும் இடத்தை இரண்டாலும் வெட்ட முடியாது. அந்தக் கிளையை வெட்டுவது லிமிட் டெக்ஸ்ட்ரினேஸ். டயஸ்டாட்டிக் பவர், சுருக்கமாக டிபி, இத்தனை பேரின் உழைப்பையும் ஒரே எண்ணில் சொல்கிறது. வீட்டில் மூன்று பேர் சம்பாதிக்கும்போது மொத்த வருமானத்தை மட்டும் சொல்வது மாதிரி. கடன் கொடுக்கிறவனுக்கு அது போதும். யாருக்கு வேலை போயிற்று என்று தெரிய வேண்டுமானால் போதாது.

பழைய முறையிலிருந்து தொடங்குகிறேன். ஐரோப்பாவில் விண்டிஷ்-கோல்பாக் அலகு, அமெரிக்காவில் லிண்ட்னர் டிகிரி. லிண்ட்னரை மூன்றரையால் பெருக்கிப் பதினாறைக் கழித்தால் விண்டிஷ்-கோல்பாக் வரும். லிண்ட்னர் 75 என்றால் அங்கே ஏறக்குறைய 246. நன்றாக அரைத்த மால்ட் 20 கிராமை 480 மில்லி தண்ணீரில் 40 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். ஆறவைத்து வடிகட்டி, முதலில் வரும் 200 மில்லியைக் கொட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் சாற்றில் 5 மில்லியை, 20 டிகிரியில் காத்திருக்கும் 100 மில்லி இரண்டு சதவீத ஸ்டார்ச் கரைசலில் விட்டு 30 நிமிடம் வைக்க வேண்டும். காரம் ஊற்றினால் வினை நிற்கும். அப்புறம் அயோடின், கால் மணி நேரக் காத்திருப்பு, அமிலம், தயோசல்ஃபேட் டைட்ரேஷன்.

டைட்ரேஷனின் கடைசி நிமிடம் அழகானது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தனியாக இன்டிகேட்டர் எதுவும் தேவையில்லை. மிச்சமிருக்கும் ஸ்டார்ச்சே அயோடினோடு சேர்ந்து கருநீலமாக நிற்கும். பியூரெட்டிலிருந்து சொட்டு விழ விழ நீலம் ஊதாவாகி, ஊதா வெளுத்து, ஒரே ஒரு சொட்டில் சட்டென்று தண்ணீர் மாதிரி ஆகிவிடும். அந்த ஒரு சொட்டுக்கு முன்னால் போன் அடித்தால் அவ்வளவுதான்.

இதில் மூன்று தொல்லைகள். ஒன்று, மால்ட்டிலேயே ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது. அதுவும் அயோடினைத் தின்னும். அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு பிளாங்க், அதாவது நொதி வேலை செய்யாத ஒப்பீட்டுக் குழாய், வேண்டும், வேலை இரட்டிப்பு. இரண்டு, ஸ்டார்ச். பாட்டில் மாறினால், ஏன், அதே கம்பெனியின் லாட் மாறினாலே எண் நகரும். மூன்று, அந்த 20 டிகிரி. ஐரோப்பாவில் அது அறையின் சூடு. நம் ஊரில் அதற்குக் குளிரூட்டும் பாத் வேண்டும், அந்தப் பாத் இருக்கும் அறைக்கு ஏசி வேண்டும், ஏசிக்கு ஜெனரேட்டர் வேண்டும். ஒருவர் காலையில் உட்கார்ந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் ஆறு மாதிரி முடிக்கலாம். எட்டு முடித்தேன் என்று யாராவது சொன்னால் பிளாங்க்கில் கை வைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இத்தனை இருந்தும் டிபியைத் தூக்கிப் போட முடியாது. விற்பனை ஒப்பந்தத்தில் இருப்பது அந்த எண்தான். இந்தியாவில் பல பீர் ஆலைகள் மால்ட்டோடு அரிசியையும் சேர்க்கின்றன. அரிசியில் ஸ்டார்ச் உண்டு, அதை உடைக்கும் நொதி இல்லை. பக்கத்தில் இருக்கும் மால்ட்தான் அதற்கும் சேர்த்து உழைக்க வேண்டும். அதனால் வாங்குபவர் டிபியைப் பிடித்துக்கொண்டு நிற்பதில் நியாயம் இருக்கிறது.

அடுத்து கிட் முறை. இதன் சூட்சுமம் ஸ்டார்ச்சை விட்டுவிட்டு, செயற்கையாகச் செய்த குட்டிச் சங்கிலிகளைப் பயன்படுத்துவதுதான். ஆல்ஃபாவுக்கான கிட்டில் ஏழு குளுக்கோஸ் கொண்ட சங்கிலி. ஒரு முனையில் நைட்ரோஃபீனால் என்ற நிறப்பொருள், மறுமுனைக்கு ஒரு மூடி. மூடி போட்ட முனையில் பீட்டா அமைலேஸுக்குப் பிடிமானம் கிடைக்காது. துணைக்குப் போட்டிருக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸாலும் உள்ளே நுழைய முடியாது. ஆல்ஃபா அமைலேஸ் வந்து நடுவில் வெட்டினால்தான் துணை நொதிக்கு வழி திறக்கும், நிறப்பொருள் வெளியே வரும். மெக்ளியரியும் ஷீஹனும் 1987-இல் இந்த வழியை வெளியிட்டார்கள்; செரால்ஃபா என்ற பெயரில் மெகாசைம் நிறுவனம் அதைக் கிட்டாக விற்கிறது. பீட்டாவுக்கு பீட்டாமில்-3. அதில் மூன்றே குளுக்கோஸ் உள்ள குட்டைச் சங்கிலி. அவ்வளவு குட்டையானதை ஆல்ஃபா அநேகமாகத் தொடாது. பீட்டா ஒரு மால்ட்டோஸை உருவிக்கொண்டு போனதும், மிச்சமிருக்கும் ஒற்றைக் குளுக்கோஸைத் துணை நொதி கழற்றிவிடும்.

செய்முறை எளிது. ஆல்ஃபாவுக்கு 40 டிகிரி, பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் குழாய் ஏறக்குறைய நிறமில்லாமல்தான் இருக்கும், ஏனென்றால் அமிலப் பக்கம் இருக்கும் கரைசலில் நைட்ரோஃபீனாலுக்கு நிறம் கிடையாது. காரக் கரைசலை ஊற்றிய நொடியில் எலுமிச்சை மஞ்சள் பூக்கும். நிறுத்துவதும் அதே காரம், நிறம் தருவதும் அதே காரம். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 400 நானோமீட்டரில் வைத்துப் படித்தால் வேலை முடிந்தது. மால்ட்டில் எவ்வளவு சர்க்கரை இருந்தாலும் இந்த அளவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. எனக்கு இந்த முறை பிடித்துப்போனதற்கு முதல் காரணமே அதுதான்.

பத்து நிமிடம் என்றதும் நாளைக்கு நூறு மாதிரி போடலாம் என்று மனக்கணக்குப் போடாதீர்கள். ஒரு குழாயில் நொதியை விட்டு அடுத்ததற்குப் போக 30 நொடி வைத்துக்கொண்டால், பத்து நிமிடத்தில் இருபது குழாய் தொடங்கலாம். இருபதாவது குழாய்க்கு விட்டு நிமிர்ந்தால் முதல் குழாயை நிறுத்தும் நேரம் வந்திருக்கும். இருபது நிமிடத்துக்கு இருபது குழாய். ஒவ்வொரு மாதிரிக்கும் இரண்டு குழாய் என்றால் பத்து மாதிரி, பிளாங்க்கும், எண் ஏற்கெனவே தெரிந்த கன்ட்ரோல் மால்ட்டும் போக எட்டு. சரி, அதுவே பெரிய லாபம்தானே என்றால், நேரம் தின்னும் இடம் வேறு. அரைப்பது, நிறுப்பது, சாறு எடுப்பது, வடிகட்டுவது, மடங்கு மடங்காக நீர்க்கவைப்பது. நான் கடிகாரம் வைத்துப் பார்த்தபோது, வினை நடக்கும் பத்து நிமிடத்துக்கு முன்னால் ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. வேகமான சோதனை என்று விளம்பரம் செய்கிறவர்கள் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் சொல்வார்கள்.

இன்னொரு தலைவலி, இரண்டு நொதிக்கும் சாறு வேறு வேறு. ஆல்ஃபா அமைலேஸ் உயிரோடு இருக்கக் கால்சியம் வேண்டும், அதனால் அதன் பஃபரில் (அமில-கார அளவை மாறாமல் வைக்கும் கரைசலில்) கால்சியம் இருக்கும். பீட்டாவின் பஃபரில் நேர்மாறாக, கால்சியத்தைப் பிடித்து வைக்கும் ஈடிடிஏ. கூடவே சிஸ்டீனும் சேர்க்க வேண்டும்; பீட்டாவில் ஒரு பங்கு தானியத்தின் புரதங்களோடு கந்தகப் பிணைப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், சிஸ்டீன் அதை அவிழ்த்துவிடும். சிஸ்டீனை மறந்தால் எண் குறையும். அது மால்ட்டின் குறை என்று நினைத்து மால்ட் போட்டவரைத் திட்டுவோம். அப்புறம், பீட்டாவை ரொம்ப நீர்க்கவைத்தால் அது கண்ணாடிச் சுவரில் ஒட்டிச் செயலிழக்கும். நீர்க்கவைக்கும் பஃபரில் கொஞ்சம் ஆல்புமின் சேர்ப்பது அதற்காகத்தான். புதிதாக வந்த பையன் ஒருவன் அதை வீண் செலவு என்று விட்டுவிட்டான். அந்த வாரத்து எண்கள் எல்லாம் குப்பைக்குப் போயின.

40 டிகிரி என்பது நம் ஊருக்குப் பெரிய வசதி. அறைச் சூட்டைவிட மேலே இருப்பதால் சாதாரண ஹீட்டர் பாத் போதும், கம்ப்ரஸர் வேண்டாம். ஏசி இல்லாத அறையில் மே மாதம் 42 டிகிரி அடித்தால் அதுவும் சிரமம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கிட் தருகிற இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. பீர் ஆலையில் அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் மாஷ் தொட்டியில் சூடு 63, 65 டிகிரி. பார்லி ஸ்டார்ச் கொழகொழப்பாகி நொதிக்கு வழிவிடுவதும் ஏறக்குறைய 60-65 டிகிரியில்தான். அதே சூட்டில் பீட்டா அமைலேஸ் வேகமாகச் செத்துக்கொண்டிருக்கும். ஸ்டார்ச் கதவைத் திறக்கும் நேரத்தில் வேலைக்காரன் வீட்டுக்குக் கிளம்புகிறான். 20 டிகிரியில் எடுத்த டிபிக்கு இந்த ஓட்டப்பந்தயமே தெரியாது. பார்லி ரகத்துக்கு ரகம் பீட்டாவின் சூடு தாங்கும் திறன் மாறும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1990-களிலேயே இதை மரபு வகைகளாகப் பிரித்து வைத்துவிட்டார்கள். ஈவன் எவன்ஸ் குழுவின் வேலைகளில், வோர்ட், அதாவது மாஷிலிருந்து வடியும் இனிப்புச் சாறு, ஈஸ்ட்டால் எவ்வளவு தூரம் நொதிக்கும் என்பதைத் தனித்தனி நொதிகளையும் பீட்டாவின் சூடு தாங்கும் திறனையும் சேர்த்துப் பார்க்கும்போது, டிபியை மட்டும் நம்புவதைவிட நன்றாகக் கணிக்க முடிந்தது. கிட் கையில் இருந்தால் இது சின்ன வேலை: சாற்றில் ஒரு பாதியை 60 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து ஐஸில் போட்டு, இரண்டு பாதியையும் சோதித்து, மிஞ்சியது எத்தனை சதவீதம் என்று பார்ப்பது.

லிமிட் டெக்ஸ்ட்ரினேஸுக்கும் கிட் உண்டு. சின்ன ஆய்வகத்துக்கு வேண்டாம் என்பேன். மால்ட்டிலேயே அதைப் பிடித்துக் கட்டிவைக்கும் தடுப்புப் புரதம் இருக்கிறது, அதிலிருந்து விடுவிக்கச் சாறு பல மணி நேரம் ஊற வேண்டும். ஆராய்ச்சிக்குச் சரி, தினசரிக்குச் சரிவராது.

கல்லூரி ஆய்வகங்களில் பார்த்திருப்பீர்கள், டிஎன்எஸ்: ஸ்டார்ச்சோடு வினை நடத்தி, டைநைட்ரோசாலிசிலிக் அமிலம் ஊற்றி ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆரஞ்சு சிவப்பை 540 நானோமீட்டரில் படிப்பது. முளைகட்டிய கேழ்வரகு, கம்பு பற்றி நம் பக்கம் மாணவர்கள் செய்யும் புராஜெக்டுகளில் பாதி இதில்தான் நடக்கிறது. மலிவு, ரசாயனங்கள் எங்கும் கிடைக்கும், ஒரே ஆய்வகத்துக்குள் நேற்றையும் இன்றையும் ஒப்பிட உதவும். ஆனால் மால்ட்டின் சொந்தச் சர்க்கரை இங்கேயும் குறுக்கே வரும். சர்க்கரைச் சங்கிலியின் நீளத்துக்கு ஏற்ப நிறம் வேறு மாறும். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு பீர் ஆலை வாசலில் நிற்க முடியாது.

தானியங்கிகள் இரண்டு வகை. மெல்லிய குழாய்களில் மாதிரியையும் ரசாயனத்தையும் தொடர்ந்து ஓடவிட்டு நிறம் பார்ப்பது ஒன்று. குட்டிக் க்யூவெட்டுகளில் மைக்ரோலிட்டர் கணக்கில் ரோபோ கை கலந்து படிப்பது இன்னொன்று. இரண்டும் ஓட ஆரம்பித்தால் ஆள் தேவையில்லை, கை நடுக்கமும் கிடையாது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் உள்ள வேளாண் துறை ஆய்வகம் மாதிரி, நாடு முழுக்க இருந்து பார்லி ரகங்கள் வந்து குவியும் இடத்துக்கு இது இல்லாமல் முடியாது. நாளைக்குப் பத்து மாதிரி வரும் இடத்தில் இதை வாங்குவது, இரண்டு பேர் குடும்பத்துக்குக் கல்யாணச் சமையல் அண்டா வாங்குவது போல. காலையில் குழாய்களைக் கழுவி, அளவீடு சரிசெய்து முடிப்பதற்குள் கையாலேயே பாதி முடித்திருக்கலாம். சர்வீஸ் இன்ஜினியர் வேறு ஊரிலிருந்து வர வேண்டுமென்றால் இன்னும் மோசம்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது, மைக்ரோபிளேட். 96 குழி, எட்டு முனைப் பிப்பெட். அந்த 30 நொடி இடைவெளியில் எட்டு குழிக்கு விடலாம். கர்னாலில் உள்ள கோதுமை-பார்லி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டிடபிள்யூஆர்பி 101, 123 போன்ற இருவரிசை மால்ட் பார்லிகள் வந்திருக்கின்றன. அப்படி ரகம் உருவாக்குகிறவர்கள் கையில் ஒரு செடிக்குச் சில கிராம் தானியம்தான் இருக்கும், மாதிரியோ நூற்றுக்கணக்கில். அவர்களுக்கு 20 கிராம் கேட்கும் பழைய முறை உதவவே உதவாது, பிளேட்தான் சரி. ஓரத்துக் குழிகள் நடுக்குழிகளைவிடச் சீக்கிரம் ஆவியாகும், பிளேட் சூடேறவும் நேரமெடுக்கும். ஓரத்தில் மாதிரி வைக்காமல் வெறும் பஃபர் ஊற்றி வைத்தால் தப்பிக்கலாம்.

அகச்சிவப்பு ஒளியை வைத்துத் தானியத்தைப் படிக்கும் என்ஐஆர் பற்றி இரண்டு வரி போதும். ஈரப்பதம், புரதம் என்றால் தாராளமாக நம்பலாம். நொதியின் செயல்பாட்டை ஒளி நேராகப் பார்ப்பதில்லை. புரதத்தோடும் மற்றதோடும் இருக்கும் உறவை வைத்து யூகிக்கிறது. ரகமோ பருவமோ மாறினால் யூகம் வழுக்கும். மாவுக் கூழ் எவ்வளவு சீக்கிரம் இளகுகிறது என்று பார்க்கும் ஃபாலிங் நம்பர் கருவி வைத்திருப்பவர்கள் அதை மால்ட்டுக்குப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். முடியாது. மால்ட்டில் ஆல்ஃபா அவ்வளவு அதிகம். கூழ் உடனே இளகி, எல்லா மாதிரியும் அளவுகோலின் அடிமட்டத்திலேயே போய் நிற்கும். ஏப்ரலில் பார்லி லாரிகள் வரும்போது, வயலிலேயே முளைத்த மூட்டை எது என்று கண்டுபிடிக்க அது நல்ல கருவி.

எதுவும் வாங்காமல் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. மால்ட்டைச் சோதிக்க ஆய்வகத்தில் போடும் நிலையான மாஷுக்கு காங்கிரஸ் மாஷ் என்று பெயர், அதை எப்படியும் போடுவீர்கள்: 45 டிகிரியில் அரை மணி, நிமிடத்துக்கு ஒரு டிகிரியாக 70 வரை ஏற்றி, அங்கே ஒரு மணி. 70-ஐத் தொட்ட பத்தாவது நிமிடத்தில் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்து, பக்கத்தில் அயோடின் சொட்டு விட்டுக் கலக்கிப் பாருங்கள். நீலமோ ஊதாவோ வந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடியும். அயோடின் தன் மஞ்சள் நிறத்திலேயே நின்றுவிட்டால் ஸ்டார்ச் தீர்ந்தது. நல்ல மால்ட் 15 நிமிடத்துக்குள் அங்கே வந்துவிடும். 25 நிமிடம் ஆகியும் ஊதா போகவில்லை என்றால் எந்தக் கிட்டும் இல்லாமலே சொல்லிவிடலாம், முளைப்பிலோ உலர்த்தலிலோ ஏதோ கெட்டுவிட்டது.

சரி, யாருக்கு எது?

பப்பில் சொந்தமாகப் பீர் காய்ச்சுகிறவர் எதுவும் வாங்க வேண்டாம். மால்ட்டோடு வரும் சான்றிதழும் அந்தப் பீங்கான் தட்டும் போதும். ரகம் தேர்வு செய்கிறவருக்கு மைக்ரோபிளேட்டும் ஆல்ஃபா, பீட்டா கிட்டுகளும். சூடு தாங்கும் சோதனையை விடவே கூடாது. பெரிய ஆலை, நாளைக்கு ஐம்பது அறுபது மாதிரி என்றால் தானியங்கி தன் விலையைத் தானே சம்பாதித்துக்கொள்ளும்.

நாளைக்கு ஐந்து முதல் இருபது மாதிரி வரும் சின்ன மால்ட் ஆலைக்கு நான் சொல்வது இது. தினசரிக்கு ஆல்ஃபா, பீட்டா கிட். உலர்த்தும் அறையில் சூடு எகிறினால் முதலில் பீட்டா விழும். முளைப்பு குறைந்தால் முதலில் ஆல்ஃபா காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் ஆல்ஃபா முளைக்கும்போதுதான் உருவாகிறது, பீட்டா தானியத்திலேயே இருக்கிறது. டிபி விழுந்தது என்று மட்டும் தெரிந்தால் எந்த அறைக்கு ஓடுவது? டிபியை வாரத்துக்கு ஒரு முறை, விற்பனைக்குப் போகும் லாட்டுகளுக்கு மட்டும் கையால் எடுங்கள். அதற்கும் குளிரூட்டும் பாத் கட்டுப்படியாகாது என்றால் வெளியே அனுப்புங்கள். ஓர் ஆண்டு இரண்டையும் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசையில் எழுதி வந்தால், உங்கள் ரகங்களுக்கு பீட்டா இவ்வளவு என்றால் டிபி இவ்வளவு இருக்கும் என்பது கைக்கு வந்துவிடும். அடுத்தவர் ஆலையின் சமன்பாட்டைக் கடன் வாங்காதீர்கள்.

எந்த முறையானாலும், ஒரே மால்ட்டில் ஐந்து கிலோவை ஒன்றாகக் கலந்து, காற்றுப் புகாத பைகளில் அடைத்துக் குளிரில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் முதல் மாதிரி அதுதான். அந்த எண் நகர்ந்தால் அன்றைய மற்ற எண்களைப் பார்க்கவே வேண்டாம். அந்த மே மாதம் எங்களிடம் இப்படி ஒரு பை இருந்திருந்தால் லாரி வாசலில் நின்றிருக்காது. கரைத்த கிட் பொடியை ஒரே பாட்டிலில் வைத்துத் தினம் உருக்கி உறையவைக்காமல், ஒரு நாளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் போடுங்கள். ஃப்ரீசரை ஜெனரேட்டர் லைனில் மாட்டுங்கள். அப்புறம், பாத்தின் டிஸ்ப்ளேயை நம்பாமல் உள்ளே ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, அது காட்டுவதை நோட்டில் எழுதுங்கள், ஸ்டார்ச் லாட் எண்ணுக்குப் பக்கத்தில்.